ஆறு சாம்பிள் பைகளும் ஓர் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகமும்

அரக்கு உருகும் வாசனை வந்தால் எனக்கு இன்றும் உள்ளங்கை வேர்த்துவிடும். போன வாரம் தபாலாபீசில் ஒருவர் பார்சலுக்கு சீல் வைத்துக்கொண்டிருந்தார். மெழுகுவர்த்திச் சுடரில் சிவப்புக் குச்சி கசிந்தது, துணித் தையலின் மேல் சொட்டியது, பித்தளை முத்திரை அதன்மேல் அழுந்தியது. நான் வரிசையை விட்டு வெளியே வந்து வெயிலில் நின்றேன். ஸ்டாம்ப் வாங்கப் போனவள், வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஸ்காலர்ஷிப் ஆபீசுகளில் இப்போது வேலைக்குச் சேரும் பிள்ளைகள் என்னிடம் அனுபவம் கேட்கிறார்கள். எத்தனையோ பெண்கள் படித்து முன்னுக்கு வந்த கதைகளைச் சொல்லலாம். ஆனால் இந்த வேலையை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரே ஒரு திங்கட்கிழமை. அதைத்தான் எழுதுகிறேன்.

1. ஆணியில் தொங்கிய பை

எழுபதுகளின் தொடக்கம். தூத்துக்குடியில் புதுத் துறைமுகம் இன்னும் கட்டி முடியவில்லை. கப்பல்கள் கரையிலிருந்து மைல் கணக்கில் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கையெல்லாம் தோணியில் ஏற்றிக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். கடற்கரை ரோட்டில் ஓர் உப்புக் கம்பெனி. அந்த முதலாளி குடும்பம் ஒரு டிரஸ்ட் வைத்திருந்தது. உப்பளத்திலும் கடலிலும் பாடுபடுகிற குடும்பங்களின் பெண்பிள்ளைகள், நன்றாகப் படித்தால், காலேஜுக்கு ஸ்காலர்ஷிப். அந்த டிரஸ்டுக்கு நான் ஒருத்தியே கிளார்க், டைப்பிஸ்ட், வெரிஃபிகேஷன் ஆபீசர் எல்லாம். இருபத்திரண்டு வயது. நாசரேத்துப் பக்கத்துத் தேரிக்காட்டுச் செம்மணலில் பிறந்தவள். கடலைத் தூரத்திலிருந்து பார்த்தாலே தலை சுற்றும்.

எனக்கென்று தனி அறை கிடையாது. சாம்பிள் மேசைக்குப் பக்கத்தில் ஒரு மேசை, சுவரில் ஓர் ஆணி. அவ்வளவுதான்.

சாம்பிள் மேசை என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். கல்கத்தாவுக்குப் போகும் ஒவ்வொரு கப்பல் உப்புக்கும் ஏழு பையில் சாம்பிள் எடுப்பார்கள். வாயைத் தைத்து அரக்கு வைத்து, சரக்கைச் சரிபார்க்கும் சர்வேயரின் முத்திரை குத்துவார்கள். ஆறு பை கப்பலோடு போகும், ஒன்று ஆபீசில் இருக்கும். அங்கே வாங்குகிறவர் உப்பில் குறை சொன்னால் பையை உடைத்துப் பார்க்கலாம். சீல் உடைந்த பை செல்லாது.

பை, இரட்டைத் தையல் போட்ட புதுக் காடாத்துணி. அழகான பை. ஆபீசில் ஆளுக்கொன்று எடுத்துக்கொள்வார்கள். ஒருவருக்கு டிபன் பாக்ஸ் அதில், ஒருவருக்கு வெற்றிலை அதில். சாம்பிள் எடுக்கிற ஆறுமுகம் அண்ணாச்சி சனிக்கிழமைதோறும் வீட்டுக்குக் கருவாடு வாங்கிப் போவதும் அதில்தான். மேனேஜரின் மூக்குக்கண்ணாடிகூட ஒரு சாம்பிள் பைக்குள்தான் தூங்கும். யாரும் தப்பாக நினைத்ததில்லை. நானும் நினைக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம், வேம்பார் என்கிற கடலோர ஊரிலிருந்து மனுப் போட்டிருந்த சந்தனமேரியின் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தை ஒரு காலிப் பையில் போட்டு ஆணியில் மாட்டிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

2. வேம்பாரில் நான் கொடுத்த வாக்கு

அதற்கு ஒரு வாரம் முன்பு வெரிஃபிகேஷனுக்கு வேம்பார் போயிருந்தேன். சந்தனமேரியும் அவள் அம்மாவும் உப்பளத்திலிருந்து வந்து அப்போதுதான் கால் கழுவிக்கொண்டிருந்தார்கள். கழுவியும் முழங்கால் வரை வெள்ளை போகவில்லை. அப்பா சங்குக் குளிக்கப் போனவர், திரும்பவில்லை. காலை இருட்டோடு உப்பு வாரிவிட்டு, பிறகு பள்ளிக்கூடம் போய் வந்த பெண் அவள். கணக்கில் பள்ளியில் முதல் மார்க்.

அந்தக் காலத்தில் ஊரில் ஜெராக்ஸ் கிடையாது. மார்க்கெல்லாம் அந்த ஒரே புத்தகத்தில்தான் இருக்கும். அதை வாங்கி வந்து, மூன்று நகல் டைப் அடித்து, கெசட்டட் ஆபீசரிடம் கையெழுத்து வாங்கி, பிறகு திருப்பிக் கொடுப்போம். காலேஜில் சேரும்போது ஒரிஜினலைக் காட்டியே ஆக வேண்டும். தொலைந்தால் மெட்ராசுக்கு எழுதிப் போட்டு டூப்ளிகேட் வர மாதங்கள் ஆகும். அட்மிஷன் முடிந்துவிடும்.

அம்மா தகரப் பெட்டியைத் திறந்து, கோயிலுக்குக் கட்டும் சேலையின் மடிப்பிலிருந்து புத்தகத்தை எடுத்தாள். கொடுக்காமல் கையிலேயே வைத்திருந்தாள்.

"டீச்சரம்மா, இவ தாய்மாமன் வாசல்லயே நிக்கான். இந்த வருசம் காலேஜு இல்லன்னா மாதா திருவிழா கழிஞ்சதும் அவன் மவனுக்குக் கட்டிக் குடுக்கணும்னு சொல்லுதான். நான் ஒருத்தி எத்தன நாளு வாசல அடைச்சிக்கிட்டு நிப்பேன்? இந்தப் புக்கு ஒன்னுதான் எங்க கைல இருக்கு."

"நான் பொறுப்பும்மா" என்றேன்.

எவ்வளவு லேசாக வந்தது அந்தச் சொல்! வாங்கும்போது புத்தகமும் லேசாகத்தான் இருந்தது. சில பக்கங்கள், ஓர் அட்டை.

3. பூட்டில்லாத பீரோ

திங்கட்கிழமை காலை ஆபீசுக்குள் நுழைந்ததும் அரக்கு வாசனை. ஆணியில் பை இல்லை.

முதலில் பயம் வரவில்லை. கீழே விழுந்திருக்கும் என்று குனிந்தேன். மேசைக்கு அடியில் பார்த்தேன். டிராயரைக் கவிழ்த்தேன். மேனேஜரின் மூக்குக்கண்ணாடிப் பையைக்கூட அவிழ்த்துப் பார்த்தேன். நான்காவது தடவை அதே டிராயரைத் திறந்தபோதுதான் பயம் வந்தது. காதுக்குள் ஒரு 'ஙொய்' சத்தம்.

"என்ன மிஸ் தேடுதிய?" என்று வாசலில் குரல். சந்தனமேரி. மறுநாள் காலேஜில் அட்மிஷன். புத்தகத்தை வாங்கிப்போக முதல் பஸ்ஸில் வந்திருக்கிறாள். புதுப் பாவாடை தாவணி, தலையில் ஒரு கொத்துக் கனகாம்பரம்.

"ஒன்னுமில்ல. உன் புக்கு பீரோவுல பத்திரமா இருக்கு. சாவி மேனேஜர்ட்ட. அவர் வரட்டும்."

அவள் பீரோவைப் பார்த்தாள்.

"அதுக்குப் பூட்டே இல்லயே மிஸ்."

நான் பீரோவுக்கு முன்னால் போய் நின்று மறைத்தேன். அதற்குள் ஆறுமுகம் அண்ணாச்சி கையில் ஒட்டிய அரக்கை நகத்தால் சுரண்டிக்கொண்டே உள்ளே வந்தார். ஆணியில் தொங்கிய பையைப் பார்த்தீர்களா என்று கேட்டேன்.

"அதுவா? கட்டுல ஆறு பைதான் இருந்துச்சு. ஏழாவதுக்கு ஆணில கெடந்தத எடுத்துக்கிட்டேன். என்ன, உங்க சோத்துப் பையா?"

"உள்ள பாத்தியளா?"

"விடியக்காலம் விளக்கு வெளிச்சத்துல உப்பு அள்ளிப் போடுத மனுசன் பைக்குள்ள தலைய விட்டா பாப்பான்? போட்டேன், தச்சேன், சர்வேயர் முத்திரை குத்திட்டுப் போய்ட்டாரு. ஆறு பை முதத் தோணியில கப்பலுக்குப் போயாச்சு."

சந்தனமேரி தாவணி முனையை ஒரு விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், சுற்றினாள். அழுதிருந்தால் எனக்கு நன்றாயிருந்திருக்கும்.

4. மேனேஜரின் கணக்கு

ஆபீசில் தங்கிய ஒரு பை அலமாரியில் இருந்தது; ஏழும் ஒரே மாதிரி, ஆணிப் பை எதுவென்று அண்ணாச்சிக்கும் தெரியவில்லை. புத்தகம் அதிலேயும் இருக்கலாம். நான் கத்தியை எடுத்துவிட்டேன். அப்போது மேனேஜர் வந்துவிட்டார். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் சுருங்கியது. கெட்ட மனிதர் இல்லை. ஆனால் அவருக்கும் முதலாளி பயம்.

"கத்திய கீழ வை கிரேஸ். இத உடைச்சுப் பாக்கப் போற. உள்ள இல்லன்னு வச்சிக்க. அப்புறம் கப்பல்ல இருக்கிற பைய எத வச்சு மாத்துவ? சீலோட இருக்கிறது இது ஒன்னுதான். ஆறு பைன்னு கப்பல் ரசீதுல கையெழுத்தாயிருக்கு. ஒரு பை குறைஞ்சாலும் ஒரு சீல் உடைஞ்சாலும் கல்கத்தாக்காரன் மொத்தச் சரக்கையும் வேண்டாம்பான். அப்புறம் டிரஸ்டு ஏது, ஸ்காலர்ஷிப்பு ஏது?"

"இந்தப் பையிலேயே புக்கு இருந்தா, சார்? நாங்களே புக்கைக் கொண்டுபோய்க் கப்பல்ல குடுத்துட்டு வந்துருவோமே" என்றேன்.

அதற்கு ஒரு வழி அவருக்கும் தெரியாது.

சந்தனமேரி அலமாரிக்குப் போய்ப் பையைக் கையில் எடுத்தாள். நெஞ்சுக்குக் குறுக்கே குழந்தையைப் போலப் படுக்கவைத்தாள். மெல்ல ஒரு பக்கம் சாய்த்தாள், மறுபக்கம் சாய்த்தாள். கண்ணை மூடியிருந்தாள்.

"இதுல இல்ல."

"எப்படிம்மா சொல்லுத?" என்றார் மேனேஜர்.

"உப்பு தங்குதடை இல்லாமப் போய்ட்டு வருது சார். நடுவுல அட்டை இருந்தா மறிக்கும்லா."

மேனேஜர் என்னைப் பார்த்தார். "பதினொரு மணிக்குக் கடைசித் தோணி போவுது. நாலு மணிக்குக் கப்பல் கெளம்பிரும். ஒன்னு குடுத்து ஒன்னு வாங்கிக்கங்க. ஆபீசுப் பைக்கு நான் சர்வேயர்ட்ட பேசிக்கிடுதேன். கப்பல்ல ஏற உங்களுக்குப் பாஸ் கெடையாது, தோணியிலயே நில்லுங்க. ஆபீஸ் அனுப்பிச்சதா சொல்லாதீங்க" என்று சொல்லிவிட்டு, மூக்குக்கண்ணாடியைத் தேட ஆரம்பித்தார்.

5. தோணி

அதுவரை நான் படகில் கால் வைத்ததில்லை. உப்பு மூட்டைகளின் மேல் எங்களை உட்காரவைத்தார்கள். கச்சான் என்கிற மேல்காற்று வீசுகிற மாதம். கரைக்கு எதிரே இருந்த தீவைத் தாண்டும்வரை தோணி சாதுவாகப் போனது. தாண்டியதும் கடல் முகத்தை மாற்றிக்கொண்டது. தண்ணீர் மேலே வருவதும் வானம் கீழே போவதும் ஒன்றாகி, எது எங்கே என்று தெரியவில்லை. தோணி இறங்கும்போது எதிரே பச்சைச் சுவர். ஏறும்போது ஒன்றுமே இல்லை. ஒன்றுமே இல்லாததுதான் அதிகப் பயம். பைபிளின் சங்கீதம் ஒன்றைச் சொல்ல முயன்றேன். முதல் வரிக்கு மேல் ஞாபகம் வரவில்லை.

தோணியை நடத்துகிற தண்டல் பாய்க்கயிற்றைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"நாசரேத்துக்காரங்க நல்லாப் பாடுவாகளாமே. ஒரு பாட்டு எடுத்து விடுங்க மிஸ்ஸு."

நான் பாடவில்லை. வாந்தி எடுத்தேன்.

"ஏளா, மிஸ்ஸம்மாவப் புடிச்சிக்க. கரையப் பாக்காதிய மிஸ்ஸு, கப்பலப் பாருங்க. பாத்துக்கிட்டே இருந்தா அது கிட்ட வரும்."

சந்தனமேரி ஒரு கையால் என் இடுப்பையும் மறு கையால் மடியிலிருந்த சாம்பிள் பையையும் பிடித்துக்கொண்டாள். பைக்கு மேல் பனையோலைப் பாயைப் போர்த்தியிருந்தாள். அரக்கு நனைந்துவிடக் கூடாது என்பதில்தான் அவள் கவனம். "பயமா இல்லையா உனக்கு?" என்று கேட்டேன்.

"கடலுக்கு என்ன பயம்? வீட்டுக்குப் போறதுக்குத்தான் பயமா இருக்கு."

கப்பல் அண்ணாந்து பார்க்க வேண்டிய கறுப்பு இரும்புச் சுவராக வந்து நின்றது. தோணி அதன் விலாவில் மோதி மோதி விலகியது. நான் எழுந்து நின்று, எனக்குத் தெரிந்த இங்கிலீஷை எல்லாம் கூட்டிக் கத்தினேன். மேலே ஓர் இளம் ஆபீசர் எட்டிப் பார்த்தார். புத்தகம் உப்புக்குள்ளா என்று இரண்டு தடவை கேட்டார். பிறகு சிரித்தார். பிறகு சந்தனமேரியைப் பார்த்து, சிரிப்பதை நிறுத்தினார். ஒன்றுக்கு ஒன்று, சீல் உடையக் கூடாது, பத்து நிமிஷம் என்றார். கயிற்றில் ஒரு கித்தான் வாளி இறங்கியது. ஆறு பைகளும் அதில் இருந்தன.

6. மூன்றாவது பையும் ஐந்தாவது பையும்

மூட்டைகளின் மேல் ஆறையும் வரிசையாக வைத்தோம். நான் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தேன். தடித்த துணி, உள்ளே பரல் உப்பு; அழுத்தினால் எல்லாமே ஒரே மாதிரி இருந்தன. ஐந்தாவதில் என் கட்டைவிரலுக்கு ஒரு கூர்முனை தட்டுப்பட்டது. அட்டையின் மூலை!

"இதுதான். இதுதான் சந்தனம்."

அவள் அதை வாங்கிச் சாய்த்துப் பார்த்தாள். கீழே வைத்தாள். மூன்றாவதை எடுத்தாள். தோணி ஆடுகிற ஆட்டத்தில் அவளும் ஆடினாள். ஆட்டம் நிற்கிற ஒரு நொடிக்காகக் காத்திருந்து, சாய்த்தாள். மறுபடி காத்திருந்து, மறுபக்கம் சாய்த்தாள்.

"அது கட்டி மிஸ். ஈரத்துல உப்பு கூடிப் போயிருக்கு. புக்கு இதுல இருக்கு."

"எனக்கு மூலையே தட்டுதே!"

"கட்டிக்கும் மூலை உண்டு."

"நிச்சயமா சொல்லுதியா?"

"பத்து வருசமா உப்பு அள்ளுதேன்."

மேலேயிருந்து ஆபீசர் கைக்கடிகாரத்தைக் காட்டினார். தண்டல், "ஏளா, சீக்கிரம் ஒன்னத் தூக்கிப் போடுங்க. ஆட்டத்துல அவ்வளவும் தண்ணிக்குள்ள போயிரும்" என்றார்.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் எழுத வேண்டும். அவள் சொன்னதை நம்பித்தான் நான் ஒத்துக்கொண்டேன் என்று பல வருஷம் சொல்லிவந்தேன். அது முழு உண்மையில்லை. அந்த நிமிஷம் எனக்குள் ஒரு நினைப்பு ஓடியது. நான் எடுத்தது தப்பாகப் போனால் அது என் தலையில் விடியும். அவள் எடுத்தது தப்பாகப் போனால் அவளே எடுத்தது. தாயிடம் சொல்ல எனக்கு ஒரு வழி இருக்கும். பயந்தவளுக்கு எவ்வளவு வேகமாக வேலை செய்கிறது புத்தி! "சரி, உன் இஷ்டம்" என்றேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையைப் பற்றி எழுத இத்தனை வருஷமாகச் சொல் தேடுகிறேன்.

மூன்றாவதை எடுத்துவிட்டு ஆபீஸ் பையை அந்த இடத்தில் வைத்தோம். வாளி மேலே போனது. ஆபீசர் எண்ணினார், முத்திரைகளைத் தடவிப் பார்த்தார், கையை ஆட்டினார். வாளி கைக்கெட்டாத உயரத்துக்குப் போனபிறகு சந்தனமேரி தையல் நூலைப் பல்லால் கடித்தாள். அரக்குத் துண்டு அவள் உதட்டில் ஒட்டியது. தாவணியை விரித்து அதில் கொட்டினாள். உப்பு. இன்னும் உப்பு. வெயிலில் கண் கூசும் வெள்ளை.

கடைசிக் கையளவு உப்போடு அட்டை சரிந்து வந்தது.

பக்கங்கள் ஈரம் குடித்து உப்பியிருந்தன. பிரித்தால் மடிப்பெல்லாம் பொடி. மார்க்குகள் இருந்தன. கணக்கு மார்க் இருந்தது. ஹெட்மாஸ்டர் கையெழுத்தின் வால் மட்டும் கொஞ்சம் பரவியிருந்தது. தண்டல் தலைத்துண்டை அவிழ்த்துக் கொடுத்தார். அவள் புத்தகத்தைத் துடைக்கவில்லை. துண்டில் சுற்றி நெஞ்சோடு கட்டிக்கொண்டாள். அப்போதுதான் அழுதாள். சத்தமே இல்லாமல், தோள் மட்டும் குலுங்க, தீவு வரும் வரைக்கும்.

7. காலேஜ் வாசல்

மறுநாள் அட்மிஷன் கிளார்க் புத்தகத்தைப் பிரித்தார். மேசைமேல் பொலபொலவென்று கொட்டியது.

"என்னம்மா இது, உப்பாக் கொட்டுது?"

"வேம்பார்ப் புக்கு சார். அப்படித்தான் இருக்கும்" என்றாள் சந்தனமேரி, முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல். கிளார்க் சிரித்துவிட்டார். முத்திரை விழுந்த சத்தத்தில் நான் மட்டும் திடுக்கிட்டேன்.

சேர்த்தாயிற்று. ஹாஸ்டல் வாசலில் அம்மா தகரப் பெட்டியோடு கொஞ்சம் தள்ளி, வேப்பமரத்தடியில் நின்றாள். ஹாஸ்டல் மேட்ரனிடம் மகளுக்கு இருமல் வந்தால் என்ன கொடுக்க வேண்டும் என்று விளக்கிக்கொண்டிருந்தாள். என்னை நோக்கி இரண்டு தடவை கும்பிட்டாள். அந்தக் கும்பிடு என்மேல் விழுந்து சுட்டது.

ஃபைல்களில் இருக்கும் எல்லாவற்றையும் நான் பயந்து பயந்து காப்பாற்றியிருக்கிறேன். மேனேஜருக்குப் பயந்தேன், ஆடிட்டருக்குப் பயந்தேன், கடலுக்குப் பயந்தேன். அத்தனையும் எனக்கு என்ன ஆகும் என்கிற பயம். ஒரு பெண்ணின் மொத்த எதிர்காலத்தையும் கையில் வாங்குகிறோம் என்று பயந்திருந்தால், அந்தப் பை ஆணியில் தொங்கியிருக்காது. இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல நினைப்பது இவ்வளவுதான்: பயப்படுங்கள், ஆனால் யாருக்காகப் பயப்படுகிறோம் என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

சந்தனமேரி உள்ளே போக மணி அடித்தது. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"நேத்து தோணியில உன் இஷ்டம்னு சொன்னேன்லா. அது ஏன்னா..."

"தெரியும் மிஸ்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. மணி எத்தனை என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

"நடந்தத அம்மாட்ட சொல்லிட்டியா?"

"சொல்லல. சொன்னா இப்பவே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருவா." இரண்டு படி ஏறியவள் நின்று, அம்மாவுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்.

"ஆனா மிஸ், இனிமே யார் வீட்டுலயும் புக்க வாங்கிட்டு வராதிய. அங்கனயே உக்காந்து பாத்து எழுதிக்கிடுங்க. நாங்க பாய் விரிச்சுத் தாரோம்."